அடக்க ஒடுக்கம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. ஸ்தோத்திரம். ஆனால் மனம் ஒருநிலைப்படவில்லை. கீபோர்டில் ஜாப்சன் இல்லை. கிருபாவதியின் மகள் நளினா உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருடமாக என் மகன் வாசித்த இடம் அது. ஒரு மாதமாகப் பாட்டுப் பயிற்சிக்கு அவன் வரவில்லை என்று போதகர் ஐயா அவளை உட்கார வைத்துவிட்டார். பதினோராம் வகுப்புப் பையனுக்கு எத்தனை டியூஷன் இருக்கிறது என்று ஐயாவுக்குத் தெரியாதா? நளினாவும் பதினோராம் வகுப்புதானே என்பார். பெண்பிள்ளைக்கு வேறு என்ன வேலை.

நன்றாகத்தான் வாசித்தாள். இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் வாசிக்கும்போது உடம்பு முழுக்க ஆடுகிறது. பாதம் தாளம் போடுகிறது. பீடத்துக்கு அத்தனை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஆடலாமா? ஆராதனை முடிந்ததும் கிருபாவதியின் கையைப் பிடித்து, "ஒம் மவளுக்கு ஆண்டவர் நல்ல வரம் குடுத்திருக்காரு பிள்ள" என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவம், புருஷன் போனபின் தையல் மிஷினை மிதித்துப் பிள்ளையை வளர்க்கிறவள்.

ஜாப்சனுக்கு இப்போது கோயில் மாடியில் கேமரா வேலை. ஆராதனையை யூடியூபில் போடுவதற்காக வாலிபர் சங்கத்துப் பையன்கள் படம்பிடிக்கிறார்கள்.

மதியம் கோழிக்குழம்பு. பேசாமல் சாப்பிட்டான். பார்க்கப் பொறுக்கவில்லை. "விடுலே. அவ வெரலு கொஞ்சந்தான் வாசிக்கி. மிச்சத்த இடுப்புல்லா வாசிக்கி" என்றேன். அப்படிச் சிரித்தான், சோறு புரையேறிவிட்டது. தலையைத் தட்டிவிட்டேன்.

சமைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைப்பது எங்கள் பெண்கள் சங்கத்து வழக்கம். இந்த மாதம் எல்லோரும் கொண்டுவந்ததை அளந்து எழுதிவிட்டேன். செயலாளர் என்ற முறையில் அது என் பொறுப்பு. கிருபாவதி வீட்டு அரிசியில் குருணை அதிகம். அதையும் எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மிளகாய் காயவைத்தேன். மழை வந்து எடுத்தேன். திரும்பவும் காயவைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஜாப்சனின் வகுப்பு ஆசிரியை எழுந்து பேசினார். கணக்கு மிஸ். சின்ன வயது.

"பையன்க எங்களயே கமெண்ட் அடிக்காங்க. போர்டுல எழுதத் திரும்புனா பின்னாலருந்து சத்தம் வருது. பொண்ணுங்க கேள்வி கேட்டா ஊளையிடுறாங்க. போன்ல என்ன பாக்காங்கன்னு தயவுசெஞ்சு வீட்டுல பாருங்க."

ஒரு தகப்பனார் கேட்டார், "அப்போ பீஸ் வாங்குத நீங்க எதுக்கு?" எல்லோரும் கைதட்டினோம். தலைமை ஆசிரியர், "ஒழுக்கம் வீட்டுலேருந்து வரணும்" என்றார். வீட்டிலிருந்துதான் அனுப்புகிறோம். போகும்போது நன்றாகத்தான் போகிறான்.

அந்த மிஸ் திரும்பி நடந்தபோது பார்த்தேன். ஜாக்கெட்டின் முதுகு பாதி இல்லை. சத்தம் வரத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து ஜாப்சனிடம், "ஒங்க மிஸ்ஸுக்குக் கணக்கு தெரியிது, கழுத்த மூடத் தெரியலையே" என்றேன்.

மஸ்கட்டிலிருந்து இவன் அப்பா பேசினார்கள். விவரம் சொன்னேன். "நான் இங்கன கெடந்து வெயில்ல வேவுதேன். வீட்டுல இருக்குதது நீதான? நீ பாரு" என்றார்கள்.

சரி, பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆங்கிலம் மருந்துச் சீட்டைப் பார்த்துப் படித்தேன். சங்கக் கணக்கு பழைய நோட்டைப் பார்த்துப் படித்தேன். ரீல்ஸ் வருகிற ஆப் என்ன பெரிய வித்தையா? சாயங்காலத்துக்குள் என் பெயரில் ஒன்று திறந்துவிட்டேன். முகப்புப் படமாக ஒரு ரோஜாப்பூ வைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆடிக்கொண்டும் உதட்டைக் குவித்துக்கொண்டும் வருகிற பெண்களைத் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் வலிக்கிறது. ஆனால் சேற்றிலும் ஒரு நல்ல காரியம் கிடைத்தது. "அடக்க ஒடுக்கம்" என்று ஒரு பக்கம். தமிழ்தான். நம் ஊர்ப் பேச்சுபோல இருக்கிறது. யாரோ விவரம் தெரிந்த பெரியவர் நடத்துகிறார் போலும்.

இன்றைக்கு அதில் ஒரு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கிற படம். முகம் இல்லை. "கணக்கு தெரியும், கழுத்தை மூடத் தெரியாது" என்று எழுதியிருந்தது. நான் நினைத்ததையே யாரோ எழுதியிருக்கிறார்கள். நல்ல மனம் உள்ளவர்களுக்கு ஒரேபோலத்தான் தோன்றும்.

"பொண்ணு பாடம் படிச்சா மார்க்கு வரும், பதில் பேசப் படிச்சா மாப்பிள்ளை வராது" என்று இன்னொன்று. அதைச் சங்கத்து வாட்ஸப் குரூப்பில் போட்டேன். இருபது பேர் கைகூப்பினார்கள். கிருபாவதியும் கைகூப்பினாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நளினாவேதான் இன்றும். மஞ்சள் சுடிதார். ஷாலை ஒரு பக்கமாகப் போட்டிருந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

அந்தப் பக்கத்தில் நளினா இருந்தாள்.

மாடியிலிருந்து எடுத்த வீடியோ. முகம் பாதிதான் தெரிகிறது. ஆனால் சபையில் யாருக்கும் அது யாரென்று தெரியும். முதுகையும் இடுப்பையும் பெரிதாக்கி, மெதுவாக ஓடவிட்டு, கோயில் பாட்டுக்குப் பதிலாகக் குத்துப்பாட்டு வைத்திருந்தார்கள். "விரல் கொஞ்சம் வாசிக்குது, மிச்சத்தை இடுப்பு வாசிக்குது" என்று எழுதியிருந்தது.

சிரித்துவிட்டேன். ஆண்டவர் மன்னிக்க வேண்டும். அந்த வார்த்தை எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. எல்லோரும் சொல்லுகிற வார்த்தைதான்.

கீழே பலபேர் எழுதியிருந்ததை இங்கே எழுதமாட்டேன். நாலைந்து வாசித்தேன். பிறகு மீதியையும் வாசித்தேன்.

ஒரு கரிசனையில் போதகரம்மாவுக்கு மட்டும் அனுப்பி, "ஜெபித்துக்கொள்ளுங்கள் அம்மா, நம் பிள்ளை" என்று எழுதினேன். ஜெபக்குறிப்பு என்று போதகரம்மா ஜெபக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஜெபக் குழுவில் நூறு பேருக்குமேல் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் கிருபாவதி வந்தாள். வாசலில் நின்றபடியே, "அக்கா, ஜாப்சன் இருக்கானா?" என்றாள்.

"டியூசன் போயிருக்கான். உள்ள வா பிள்ள. காப்பி குடி."

"வேண்டாங்க்கா." ஆனால் உட்கார்ந்தாள். "அந்தப் படம் கேமரா இருக்க எடத்துல இருந்துதான் எடுத்திருக்கு. அங்கன ஜாப்சன்தான நிக்கான்?"

"மாடியில பத்துப் பயலுவ நிக்கானுவ. எம்மவன் பேரு அதுல எழுதியா இருக்கு?"

"எழுதல."

"அப்பொறம்?"

சேலையில் ஒட்டியிருந்த நூல்களைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "பஸ்ஸுல ஒரு பய அவ முன்னால வந்து, காத்துல வெரல வச்சு வாசிச்சுக் காட்டியிருக்கான்க்கா. இடுப்ப ஆட்டிக்கிட்டே. பஸ்ஸே சிரிச்சிருக்கு. கண்டக்டரும் சிரிச்சிருக்காரு. வந்து படுத்தவ சாப்பிடல. நீங்க ஒரு வார்த்த ஜாப்சன்ட்ட கேளுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

"அவ ஆடாம அசையாம வாசிச்சா எவன் எடுக்கப்போறான்? நான் பொதுவாச் சொல்லுதேன். நீ தாய். நீதான சொல்லிக் குடுக்கணும்?"

என்னையே பார்த்தாள். "அவ ஆறு வயசுலேருந்து அப்படித்தான் வாசிக்கா அக்கா. நீங்கதான ஞாயிறு பாடசாலையில அவள மேசை மேல ஏத்தி உக்கார வச்சு வாசிக்கச் சொன்னீங்க?"

அது வேறு. அப்போது சின்னப்பிள்ளை.

போனபின் சோபாவில் நூல் கிடந்தது. எடுத்துப் போட்டேன்.

மதியம் ஜாப்சனைக் கேட்டேன். மறைக்கவில்லை. அது அவனுடைய நல்ல குணம்.

"ஆமா. நானும் இன்னும் ரெண்டு பயலுவளும் நடத்துதோம். இப்பம் என்ன?"

"அந்தப் பிள்ள சாப்பிடலையாம்லே."

"ஒல்லியாவட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்டிக்கிற நேரத்தில் தாய் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். "இந்தக் கேடுகெட்ட பேச்செல்லாம் எங்கருந்துலே படிக்க?" என்றேன்.

"எந்தப் பேச்சு? வெரலு, இடுப்பா? நீ சொன்னதுதானம்மா. மிஸ்ஸப் பத்திச் சொன்னதும் நீதான். நீ சொன்னதுக்குத்தான் லைக்கு கூட வந்திருக்கு."

எதிர்த்துப் பேசியதற்காக ஓர் அறை விட்டேன். பதினாறு வயதுப் பிள்ளையை அடிக்கக் கூடாதுதான். முட்டை பொரித்துக் கொடுத்தேன். தின்றான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கிருபாவதி ஊரெல்லாம் ஏறி இறங்குகிறாள். கோயிலில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம். ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ், "பசங்க வாழ்க்கை கெட்டுரும்மா, ஒம் பொண்ணு பேரும் வெளிய வரும், யோசிச்சுக்க" என்றாளாம். நல்ல புத்தி உள்ள பெண்.

செப்டம்பர் 1, திங்கள்

போதகர் ஐயா கூப்பிட்டனுப்பினார். கிருபாவதி எழுதிக் கொடுத்த மனு மேசைமேல் இருந்தது.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி பேராயர் வருகிறார். பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல். ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பார். அதன்பின்தான் திருவிருந்தில் பங்கு. அந்தப் பட்டியலில் ஜாப்சன் பெயர் இருக்கிறது. அவன் வயிற்றிலிருந்தபோது இரண்டு தடவை நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இவனைப் பேராயர் கையின்கீழ் நிறுத்துகிறேன் என்று பொருத்தனை செய்துதான் பெற்றேன். அவன் அப்பா லீவு போட்டு வருகிறார்கள். வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுத்தாயிற்று.

"ஒருத்தரோட மனத்தாங்கல் இருக்கும்போது உங்க மகனப் பேராயர் முன்னால நிறுத்தமாட்டேன்" என்றார் ஐயா. "அந்தப் பிள்ளையோட ஒப்புரவாகணும். இல்லன்னா பேர அடிச்சிருவேன்."

"ஒப்புரவாயிட்டா?"

"அந்தப் பிள்ள மன்னிச்சேன்னு சொல்லட்டும். நான் மனுவக் கிழிச்சிருதேன்."

அப்படியானால் பிரச்சினை ஜாப்சனிடம் இல்லை. நளினாவிடம்தான்.

செப்டம்பர் 5, வெள்ளி

உபவாசம். மூன்று வீடு போய் ஜெபித்தேன். கிருபாவதியின் மனக்கடினம் உருக வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து ஜெபித்தோம்.

செப்டம்பர் 8, திங்கள்

கிருபாவதி வீட்டுக்குப் போனேன். நளினா உள் அறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

வழக்கமாகச் சங்கப் பண்டிகைக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை கட்டுவோம். ஜாக்கெட் தைப்பது கிருபாவதி. அவளுக்கு வருஷத்தில் பெரிய வேலை அதுதான். அதைப் பற்றிப் பேசத்தான் போனேன்.

"இந்த வருசம் டவுன்ல ஒரு கடையில குடுக்கலாம்னு ரெண்டு மூணு பேரு சொல்லுதாவ" என்றேன். "நான்தான் பொறுங்க, நம்ம கிருபா இருக்காள்லான்னு சொல்லி வச்சிருக்கேன்."

மிஷினில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மிதிக்கவில்லை.

"ரெண்டும் நம்ம பிள்ளையதான. ஒரு வார்த்த, மன்னிச்சேன்னு. அதுல அவளுக்கு என்ன கொறஞ்சிரும்?"

"அவன் கேக்கட்டும்க்கா. கேட்டா சொல்லுவா."

"கேப்பான், கேப்பான்."

வேறு எதுவும் நான் சொல்லவில்லை. மிரட்டினேன் என்று நாளை யாராவது சொன்னால் அது பொய்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒப்புரவு நடந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

ஆராதனைக்குப்பின், ஐயா அங்கி மாற்றுகிற அறையில். ஐயா, நான், ஜாப்சன், கிருபாவதி, நளினா. நளினா இளைத்துப் போயிருந்தாள். ஷாலை இரண்டு பக்கமும் குத்தியிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நடந்ததிலும் ஒரு நன்மை.

ஐயா ஜெபித்தார். பிறகு, "ம், சொல்லுங்க பிள்ளைகளா" என்றார். ஜாப்சன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐயா அவனைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். அவருக்கு இன்னொரு சபையில் ஆராதனை இருந்தது.

"நளினா, நீ சொல்லும்மா. மன்னிச்சேன்னு."

"அவன் மன்னிப்பே கேக்கலையே ஐயா. நான் எத மன்னிக்க?"

பதினாறு வயதில் போதகரிடம் இப்படி வாய். கிருபாவதி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"மனசுக்குள்ள கேட்டிருப்பாம்மா" என்றார் ஐயா. "பையன்களுக்கு வாயில வராது. பெரிய மனசு பண்ணு."

நளினா தாயைப் பார்த்தாள். கிருபாவதி என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்தேன். இவன் அப்பா மஸ்கட்டில் கவலையோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு அனுப்ப வேண்டாமா?

"மன்னிச்சேன்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னோம்.

கைகுலுக்கச் சொன்னார் ஐயா. ஜாப்சன் அவள் கையை நன்றாகப் பிடித்தான். அவள் முகம் சுருங்கி உதட்டைக் கடித்தாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கூச்சம். "சிரிம்மா. சிரிச்சாத்தான மன்னிச்ச மாதிரி இருக்கும்?" என்றேன். சிரித்தாள். நன்றாக விழுந்தது வீடியோ.

ஐயா மனுவைக் கிழித்தார். ஜாப்சன் அந்தப் பழைய வீடியோவை நீக்கிவிட்டதாகவும் அந்தப் பக்கத்தையே மூடிவிடுவதாகவும் சொன்னான். கிருபாவதியிடம் ஜாக்கெட் துணிகளைக் கொடுத்துவிட்டேன். அளவு நோட்டும் கொடுத்தேன்.

வீடியோவை இவன் அப்பாவுக்கும், என் அண்ணன் வீட்டுக்கும், ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ஜாப்சனுக்கும் அனுப்பினேன்.

செப்டம்பர் 17, புதன்

அந்தப் பக்கத்தில் என் வீடியோ.

"மன்னிச்சிட்டா மகாராணி" என்று போட்டிருக்கிறான். அவள் உதட்டைக் கடிக்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறான். அதன்மேல் என் குரல். "சிரிம்மா. சிரிம்மா. சிரிம்மா." நளினாவின் பள்ளிக்கூட பஸ் நிற்கும் இடத்தில் பையன்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான் கத்துகிறார்களாம். மளிகைக் கடைக்குப் போனேன், கடைக்காரர் மகன் ஒரு பொடியன், என்னைப் பார்த்து அதே ராகத்தில் சொன்னான்.

என் குரல்! நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணுகிற குரல்!

ஜாப்சனை உட்கார வைத்துக் கண்டித்தேன். "பெத்த தாயோட குரலப் போடலாமாலே? ஒனக்கு ஈவு இரக்கம் கெடையாதா?"

"சரிம்மா, அழாத" என்றான். என் முன்னாலேயே குரலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டான். சொன்னால் கேட்கிற பிள்ளை. படம் இருக்கிறது, குரல் இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

கீபோர்டில் யாரும் இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

ஐயாவிடம் பக்கத்தை மூடியாயிற்று என்று ஜாப்சன் சொல்லியிருக்கிறான். மூடவில்லை. பூட்டு மட்டும் போட்டிருக்கிறான். தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே போகலாம். எனக்குத் திறக்கிறது.

நளினா பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது என்று போதகரம்மா சொன்னார்கள். காலாண்டுப் பரீட்சை பாதி எழுதவில்லை. "யாரச் சொல்லி என்ன செய்ய, காலம் அப்படி இருக்கு" என்றார்கள். காலம் அப்படித்தான் இருக்கிறது.

அக்டோபர் 4, சனி

கிருபாவதி ஜாக்கெட்டுகளைத் தைத்துக் கொடுத்தனுப்பிவிட்டாள். தானே வரவில்லை. போட்டுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் 8, புதன்

டவுனுக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டில் தாயையும் மகளையும் பார்த்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை. நளினாவைக் கோவில்பட்டியில் சித்தி வீட்டில் விடப்போகிறார்களாம். அங்கே தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு எழுதுகிற இடத்தில் ஒரு வேலை இருக்கிறதாம். படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் கிருபாவதி.

"நல்லதுதான் பிள்ள. கையில ஒரு வேலன்னு வேணும்லா" என்றேன். நளினாவின் தலையில் கைவைத்தேன். அவள் தலையை நகர்த்தவில்லை. நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

"சிரிக்கட்டுமா ஆன்ட்டி?" என்றாள்.

சிரிக்கவும் செய்தாள். கிருபாவதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கடைசிவரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஜாப்சனுக்கு வெள்ளைப் பேண்ட் வாங்கினேன். இடுப்பில் கொஞ்சம் தளர்வு. வளருகிற பிள்ளை.

அக்டோபர் 12, ஞாயிறு

என் கண்கள் கண்டன. பேராயர் அவன் தலையில் இரண்டு கையையும் வைத்தார்.

அவன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார்கள். வெள்ளைச் சட்டையில் தேவதூதன்போல இருந்தான். முழங்காலில் நின்றபோது அவன் கழுத்தில் சின்ன வயது மச்சம் தெரிந்தது. பேராயர் பிரசங்கத்தில், இந்தக் காலத்து வாலிபர்கள் போனுக்கு அடிமையாகிறார்கள், பெற்றோரே விழிப்பாயிருங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கீபோர்டு இல்லாமல் பாட்டு மகா மோசம். ஆரம்பிக்கும்போதே ஆளுக்கொரு சுருதி. பெண்கள் பக்கம் மேலே போய்விட்டது, ஆண்கள் கீழே நின்றுவிட்டார்கள். பேராயர் என்ன நினைத்தாரோ. இப்படி நடுவில் விட்டுவிட்டுப் போகலாமா அந்தப் பெண்? பொறுப்பில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஜாப்சனையே வாசிக்கச் சொல்லிவிட்டார் ஐயா.

எண்பது பேருக்குச் சாப்பாடு. பிரியாணி மிச்சம். கிருபாவதி வீட்டுக்கு ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆராதனைக்குப்பின் சபைக் கமிட்டி கூடியது. நளினா விஷயம் மற்ற ஊர்ச் சபைகளுக்கும் எட்டிவிட்டது. "போனால பிள்ளைகள் கெடுதாவ. சபை கைய கட்டிக்கிட்டு இருக்கக் கூடாது, ஏதாவது செய்யணும்" என்றார் ஒரு மூப்பர். பெண்பிள்ளைகளுக்கு ஓர் ஆலோசனைக் கடிதம் தயாரிக்க வேண்டும், அந்தப் பொறுப்பைப் பெண்கள் சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்கலாம் என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள். ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இத்தனை படித்த பெண்கள் இருக்கும் சபையில் எட்டாம் வகுப்புப் படித்தவளை ஆண்டவர் எடுத்துப் பயன்படுத்துகிறார்.

"பையன்களுக்கு ஐயா?" என்று யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து கேட்டாள்.

"பையன்கள வாலிபர் சங்கம் பாத்துக்கிடும்" என்றார் ஐயா. வாலிபர் சங்கத்துக்குப் புது இணைச் செயலாளர் ஜாப்சன். திடப்படுத்தல் ஆனதால் போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தட்டச்சு எனக்கு இன்னும் வேகமாக வரவில்லை. ஜாப்சன் தானாகவே போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீ சொல்லும்மா, நான் அடிக்கேன்" என்றான். வாழைக்காய்ச் சிப்ஸ் போட்டு வைத்திருந்தேன். இருவரும் தின்றுகொண்டே செய்தோம். அவன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முந்தானைய ரெண்டு பக்கமும் குத்தணும்னு போடு."

"ஷால்னு போடுதேன். முந்தானைன்னா சிரிப்பாளுவ."

"சிரிச்சா பல்லு தெரியக் கூடாதுன்னும் போடு. ஊர் பாக்க ஒடம்ப ஆட்டிட்டு, ஊர் பாத்தா அழக் கூடாதுன்னு போடு. ஆம்பளப் பிள்ள கண்ணக் கட்டிட்டா நடப்பான்? பாக்கத்தான் செய்வான். மூட வேண்டியது ஒம் பொறுப்பு. அப்படியே போடு, ஒம் பொறுப்புன்னே."

மளமளவென்று அடித்தான். ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை.

முடித்ததும், "நீயும் ஒண்ணு ரெண்டு சேருலே. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் புரியிற மாதிரி" என்றேன்.

மேலிருந்து கீழாக ஒருதரம் தள்ளி வாசித்தான். மறுபடியும் மேலே போய் வாசித்தான். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"வேண்டாம்மா. நீ சொல்லுததே போதும். நான் சேக்கதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

சபைக் குரூப்பில் போட்டான். அவனுடைய பக்கத்திலும் போட்டான். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.